அப்பா அறையின் வெந்நீர்

அன்று மதியம் அப்பா கட்டிய விடுதியின் மேல்மாடியில் இருந்தவர்கள் அண்ணன், அண்ணி, தம்பி, தண்ணீரைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரியம்மா. வேறு யாரும் இல்லை.

தம்பிக்குத்தான் முதலில் கேட்டது. அப்பா இறந்த நாள் முதல் மரியாதைக்காகப் பூட்டி வைத்திருந்த அவருடைய அறைக்குள், வாசலை ஒட்டிய குளியலறைச் சுவரில், வெந்நீர்க் குழாய் மெல்லக் களகளத்தது, நெஞ்சில் சளி கட்டியவர் தூக்கத்தில் மூச்சு விடுவதைப் போல. கதவிடுக்கில் ஈரச் சாக்கின் வாடை கசிந்தது. கீழே தங்கியிருந்த ஒருவர் நுரையீரல் காய்ச்சலில் இறந்திருந்தார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"இந்தக் குழாயைத் திறக்கவே இல்லையா?" என்றார் அதிகாரியம்மா. "வெதுவெதுன்னு தேங்கின தண்ணியில கிருமி நல்லா வளரும். மத்த ரூமுக்கும் இங்கேருந்துதான் பரவுது. ஷவர் சாரல் மூச்சுல போனா ஆளையே சாய்ச்சிடும். விடுதியை மூடணும்."

அண்ணன் சிரித்தார். "எங்கப்பா ரூம்ல கிருமியா? அவர் இருந்தப்ப கொசுகூட அனுமதி கேட்டுத்தாம்மா உள்ள வரும்."

"சாவியைக் குடுங்க. முகமூடி போட்டுட்டு நான் பாத்துக்கறேன்."

"வெளியாள் அங்க காலெடுத்து வைக்கக் கூடாது." சட்டையைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினார். "நானே குளிச்சுக் காட்டறேன். அப்புறம் மூடச் சொல்லுங்க, பாப்போம்."

"ஏங்க, ஒரு தடவையாவது சொன்ன பேச்சைக் கேளுங்க."

"அண்ணா, வேணாம்ணா."

"நகருடா, பயந்தாங்கொள்ளி."

பூட்டைத் திறந்து உள்ளே போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தம்பி கதவில் காதை வைத்தான். குழாயில் அடைபட்டிருந்த காற்று வெளியேறும் நீண்ட முனகல், இருமல், ஏதோ கனமாக, வழவழப்பாக, சொத்தென்று தரையில் விழும் ஓசை. பிறகு தண்ணீர். அண்ணன் வீம்புக்குப் பாடினார். கதவின் அடியில் வெண்மையாக நீராவி ஊர்ந்து வந்தது. தம்பி மூக்கைப் பொத்தினான். பின்வாங்கினான். அண்ணி நகரவில்லை.

பாட்டு நின்றது.

தண்ணீர் நிற்கவில்லை.

"அண்ணா?"

ஒரு மூச்சு. நீளமாக. மறுபடி ஒன்று.

ஒரு வாரம் கழித்து அதே காய்ச்சலில் அண்ணன் இறந்த பிறகு, சொத்துக்காகத் தம்பிதான் அவரை உள்ளே தள்ளினான் என்று வெளியில் பேசுகிறார்கள். பொய். அந்தத் தம்பி நான்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் தள்ளவில்லை. அவர் தானாகவே போனார். ஷவருக்கு நேராக முகத்தைத் தூக்கி, வாயை அகலத் திறந்து, அதிகாரியம்மாவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று அந்தச் சாரலை ஆழமாக உள்ளிழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார்.