முடிவுக் கோடு

அந்த ஸ்டேடியத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை. கல்லூரி அதை இடித்துவிட்டு விடுதி கட்டப் போகிறது. இடிப்பதற்கு முன் அளவெடுத்துக் கொடுப்பது என் வேலை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிற ஆள் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டதால், வீட்டில் சும்மா இருந்த தங்கையை இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். எங்களுக்கு அவள் ‘வாலு’.

வாலு ஓட்டக்காரி. அம்மா அவளை ஓட விட்டதே பெரிய விஷயம். “ஓடு. ஆனா தனியா ஓடு” என்பது அம்மாவின் சட்டம். தொடர் ஓட்டம் என்ற பேச்சை எடுத்தாலே அம்மாவின் முகம் இருண்டுவிடும். இவளோ அம்மாவுக்குத் தெரியாமல் தொடர் ஓட்ட அணியில்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டார்.

“உள்ள வரலையா?” என்றேன்.

“சம்பளம் வாசலுக்குத்தான் சார் தர்றாங்க” என்று சிரித்தார். வாலுவின் ஓட்டக் காலணியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “பாப்பா ஓடுமா?”

அப்புறம் அவரே சொன்னார். கல்லூரி கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஏதோ விழாவுக்காக அவசர அவசரமாகக் கட்டிய பார்வையாளர் கேலரி அது. வளைவில் தொடங்கி முடிவுக் கோடு வரை நீளும். பெண்களுக்கான தொடர் ஓட்டம் நடந்த அன்று, வளைவுப் பக்கத்து மூலை அப்படியே சரிந்தது. மூன்றாவதாக ஓடி வந்த பெண், கைமாற்றும் குச்சியான பேட்டனைக் கொடுக்க ‘கை!’ என்று கத்திய நொடியில் அடியில் போய்விட்டாள்.

“நாலாவது பொண்ணு திரும்பிப் பாக்கவே இல்ல சார். கையைப் பின்னால நீட்டிக்கிட்டே ஓடியிருக்கு. ஏதோ சத்தம்னு நெனச்சிருக்கு, பாவம். கல்லு மண்ணை எல்லாம் அள்ளினாங்க, அந்தப் பேட்டன் மட்டும் கெடைக்கல.”

அதற்குப் பிறகு அங்கே யாரும் ஓடவில்லை. சில வருடங்கள் கழித்து, ஒரு மழையில் கேலரியின் மறுமுனையும் முடிவுக் கோட்டின் மேல் விழுந்தது. அதை அள்ளக்கூட ஆள் வரவில்லை.

“திரும்பிப் பாத்தா வேகம் போயிடும்ணா” என்றாள் வாலு உள்ளே நடந்தபடி. “கைன்னு குரல் கேட்டா கை தானா போகணும். அதுக்குத்தான் பயிற்சியே.”

எனக்கு ஏனோ அம்மா நினைவு வந்தது. அம்மா படித்தது இதே கல்லூரியில். எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பின்னால் நின்று எதையும் நீட்டக் கூடாது. டம்ளரோ சாவியோ மாத்திரையோ, சுற்றி வந்து முகத்துக்கு நேரே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அலறிவிடுவாள். எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்!

வளைவிலிருந்து அளக்கத் தொடங்கினோம். டேப்பின் தொடக்கத்தை நான் தரையில் அழுத்திப் பிடித்தேன். வாலு மறுமுனையை இடது கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி நடந்தாள். களைகளுக்கு நடுவே, பேட்டன் மாற்றும் இடத்தின் பழைய வெள்ளைக் கோடு மங்கலாகத் தெரிந்தது. அவள் அதன் மேல் நின்றாள்.

கேலரியில் புறாக்களின் சத்தம் நின்றது.

பழைய சுண்ணாம்பு வாசனைதான் அதுவரை இருந்தது. இப்போது தசைப்பிடிப்புக்குத் தேய்க்கிற தைலம் மணத்தது. புதிதாகத் தேய்த்த தைலம்.

எனக்குப் பின்னால், வளைவில், சரளையில் ஆணிக் காலணி பதிகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். யாரும் இல்லை. தரையிலிருந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் புழுதி எழும்பியது, ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக. அது என்னைக் கடந்து போனது. மூச்சிரைப்பு என் காதை உரசிக்கொண்டு போனது.

“வாலு, கையை நீட்டாதே!”

நான் கத்தியது உண்மை. அதற்கு முன்பே அந்தக் குரல் கேட்டுவிட்டது என்பதும் உண்மை.

“கை!”

அவள் திரும்பவில்லை. வலது கை பின்னால் நீண்டது. உள்ளங்கை விரிந்தது.

பிறகு விரல்கள் மூடிக்கொண்டன.

அவள் ஓடவில்லை. மூடிய கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அண்ணா, இதுக்குள்ள ஏதோ இருக்கு. விட முடியல.” நானும் விரிக்கப் பார்த்தேன், பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், ஒரு விரல்கூட அசையவில்லை. டேப்பை அங்கேயே போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாதையின் கடைசி நேர்ப்பகுதியை நான் அளக்கவே இல்லை.

மருத்துவர் நரம்பு என்றார், ஊசி போட்டார். கை மூடியே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். எங்கே போனோம் என்று கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கிட்ட குடுத்துடுடி. அது எனக்கு வந்தது.”

“அம்மா, வேண்டாம்மா” என்றேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. இவள் கை விடுபட வேண்டும், அம்மாவுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை என்பது புரிந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மூட்டு வலிக்கிற காலைச் சற்று முன்னே வைத்தாள். கையைப் பின்னால் நீட்டினாள். வாலு கேவிக்கொண்டே தன் கையை அதன் மேல் வைத்தாள். அவள் விரல்கள் விரிந்தன.

அம்மாவுடையவை மூடின.

மறுநாள் காலையில் அம்மாவை ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனேன். முடிவுக் கோட்டைத் தாண்டினால் விட்டுவிடும் என்று அம்மா உறுதியாகச் சொன்னாள். அந்த வயதில், அந்த மூட்டோடு, அம்மா ஓடியதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இடிபாட்டுக் குவியல் வரைதான் ஓட முடிந்தது. கோடு அதற்கு அடியில் எங்கோ இருந்தது.

இடிக்க வந்த ஒப்பந்தக்காரரின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். குவியலை மட்டும் அள்ளுங்கள், தரையைத் தொடாதீர்கள் என்றேன். சரி என்றுதான் சொன்னார். இரண்டாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது, ராட்சத இயந்திரம் குவியலோடு தரையையும் ஆள் ஆழத்துக்குத் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தது. கோடு இருந்த இடம் எது என்று கேட்டால் சொல்ல என்னிடமே அளவு இல்லை. இப்போது அங்கே விடுதி நிற்கிறது.

தரையைத் தோண்டிய பின் அம்மா அதிக நாள் இருக்கவில்லை. “எங்கடா கொண்டுபோய் முடிக்கறது?” என்று மட்டும் அடிக்கடி கேட்பாள். கடைசி நாள் மருத்துவமனை அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். வாலு கட்டிலைப் பார்த்து, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கச் சொன்னது நான்தான். பிற்பகலில் அம்மாவின் மூச்சு நின்றது.

“கை விரிஞ்சுடுச்சு பாருங்க. நிம்மதியாப் போயிட்டாங்க” என்றார் நர்ஸ்.

தங்கைக்கு முன்னால் அழக் கூடாது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

தைலம் மணத்தது.

நான் வாழ்க்கையில் பஸ்ஸுக்குக்கூட ஓடாதவன். எந்தப் பயிற்சியும் எனக்குக் கிடையாது.

பின்னாலிருந்து வந்தது அம்மாவின் குரலில்லை.

தினமும் வேலை முடிந்ததும் அந்த விடுதிக்குப் போகிறேன். வாகனம் நிறுத்துகிற இடம், படிக்கட்டு, சாப்பாட்டுக் கூடம் என்று எல்லாவற்றையும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்துவிட்டேன். எந்த இடத்திலும் என் கை விரியவில்லை. வாலு வீட்டுக்கு வந்தால் அவளை எப்போதும் என் எதிரிலேயே உட்கார வைக்கிறேன், மறந்தும் எனக்கு முதுகைக் காட்ட விடுவதில்லை.

இதை இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.