அவள் வைக்காத சார்ஜ்

மகேஷின் முதுகில் வட்டமான சார்ஜ் தட்டை வைத்ததுமே பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் பேட்டரி நிறைந்துவிட்டது. அனுராதா தட்டை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் பச்சை.

காலையில் பாதிக்குமேல் காலியாக இருந்த பேட்டரி.

வண்டி விபத்துக்குப் பிறகு மகேஷின் இடுப்புக்கு மேலே, தோலுக்கு அடியில், நரம்பு வலியை அடக்கும், பேட்டரியோடு கூடிய சின்னக் கருவி ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதற்கு வெளியிலிருந்து கம்பி கிடையாது. தட்டுக்குள் இருக்கும் செம்புக் கம்பிச்சுருள், தோலைத் தாண்டி, உள்ளே இருக்கும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும். தட்டோடு இணைந்த தீப்பெட்டி அளவு வோல்டேஜ் கன்வெர்ட்டர், தட்டின் பேட்டரியிலிருந்து வருவதை வேண்டிய அளவுக்கு ஏற்றித் தரும். பாளையங்கோட்டை பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இந்தத் தட்டை வைப்பது அனுராதாவின் வேலை. வேலை என்பதைவிட உரிமை. மகேஷின் முதல் மனைவி சித்ரலேகா உயிரோடு இருந்தவரை அது அவளுடைய உரிமையாக இருந்தது.

"இவ்வளவு நேரம் வச்சிருந்தது பத்தாதாக்கும்?" தலையணையில் முகம் புதைத்தபடி கேட்டான் மகேஷ். "இன்னொருக்க எதுக்குளா?"

"நான் இப்பதான் வாசப்படி ஏறி வாரேன்."

"போளா, விளையாடாத. பெல்ட்டு வேண்டாம்னு கையாலயே பிடிச்சிட்டிருந்த. நல்லாத்தான் இருந்துச்சு."

அனுராதா எப்போதும் தட்டைப் பெல்ட்டால் கட்டித்தான் வைப்பாள். பெல்ட் உறுத்துகிறது என்று அவன் முனகியதற்காக, முடியும்வரை தட்டைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் சித்ரலேகா. அவனே ஒருநாள் சொன்னான். சொல்லும்போது லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அனுராதாவுக்குச் செரிக்கவில்லை.

யார் வந்தார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் வாசல் பூட்டியிருந்தது, அவள்தான் திறந்து வந்தாள்.

தட்டை மேஜைக்குக் கொண்டுபோய் மல்டிமீட்டரை எடுத்தாள். பழுது என்றால் பழுதுக்கு ஓர் இடம் இருக்கும். சுருள் அறுந்திருக்கவில்லை. கன்வெர்ட்டரின் வோல்டேஜ் சரியாக இருந்தது. வெறும் மரத்தின்மேல் வைத்தால் விளக்கு சிவப்பாகத்தான் சிமிட்டியது. எல்லாம் சரி. ஆனால் அலமாரிக்குள்ளிருந்து எடுக்கும்போதே கன்வெர்ட்டர் சூடாக இருந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெடுநேரம் உழைத்த சூடு. தட்டின் உறையை முகர்ந்தாள். வலித் தைலத்தின் காரநெடி. தைலம் தடவுவது சித்ரலேகாவின் வழக்கம்; அனுராதா வந்த பிறகு இந்த வீட்டில் தைலம் வாங்கியதே இல்லை.

அந்த உறையை அவள்தான் தைத்தாள். போன மாதம் சித்ரலேகாவின் திதிக்கு, மாமியார் அன்னத்தாய் ஓர் அரக்குச் சேலையைப் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, அப்படியே இவள் கையில் கொடுத்தாள். "ஏளா, இத நீதான் உடுத்தணும். சும்மா மடிச்சி வச்சிராத. அவ மனசு குளிரணும்லா."

செத்தவள் மனம் குளிர இவள் உடுத்தவேண்டுமாம். அனுராதா உடுத்தவில்லை. அத்தை ஊருக்குப் போனதும் முந்தானையைக் குறுக்கே கத்தரித்து, கிழிந்திருந்த தட்டுக்கு உறை தைத்துவிட்டு, மிச்சச் சேலையைப் பரணில் எறிந்தாள். கத்தரி துணிக்குள் போகும்போது ஒரு சுகம் இருந்தது. அவன் முதுகில் உனக்கு இனி இவ்வளவுதான் இடம் என்று சொன்னதுபோல.

மழை வலுத்தது. ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம், ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஈரச்சேற்று வாசனை, எங்கோ ஒரு கதவு விட்டுவிட்டு அடித்துக்கொள்வது எல்லாம் ஒன்றாகக் கலந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, கரண்டும் போனது.

அதற்குள் அவள் மெல்லிய செம்புக்கம்பியை விரலில் சுற்றிச் சுருளாக்கி, முனைகளில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தியிருந்தாள். சார்ஜ் பாயும் இடத்தில் அது தானாக எரியும். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டும் வித்தைதான். தட்டின் உறையைப் பிரித்தாள், கன்வெர்ட்டரைக் கழற்றினாள், தட்டின் பேட்டரியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். வீட்டில் இப்போது சார்ஜ் கொடுக்க எதுவுமே இல்லை.

மகேஷ் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்கு மேலே கம்பிச்சுருளை நீட்டினாள்.

எரிந்தது.

கையை இழுத்தாள். அணைந்தது. நீட்டினாள். எரிந்தது.

சுவர்ப்பக்கம் நகர்த்த நகர்த்த வெளிச்சம் கூடியது. அங்கே கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம். மெத்தை அமுங்கியிருந்தது. தைல நெடி.

"கைய எடுத்துராத, லேகா," என்றான் மகேஷ் தூக்கத்தில்.

ஓடியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான். ஆனால் அந்தக் குரலின் குழைவு, அவளிடம் ஒருநாளும் காட்டாத குழைவு, பயத்தையும் மீறி நெஞ்சில் எரிந்தது. என் புருஷன். என் இடம். சுருளைப் பிடித்த கையை அவன் முதுகில் ஓங்கி வைத்து அழுத்தினாள்.

அவள் கைமேல் இன்னொரு கை படிந்தது.

சூடான கை. பொறுமையான கை.

இழுத்தாள். வரவில்லை. விரல்கள் மரத்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. மகேஷ் சுகமாகப் பெருமூச்சு விட்டான். அவள் விரலிடுக்கில் சிவப்பு விளக்கு அவளுடைய நெஞ்சு துடிக்கும் கணக்கில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் விளக்கு பிரகாசமாக, துடிப்பு மெதுவாக.

கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் இல்லை.

அந்தச் சிவப்பில் பார்த்தாள். தன் மணிக்கட்டின்மேல் ஈரமாக ஓர் அரக்குச் சேலை சரிந்து கிடந்தது. முந்தானை இல்லாத சேலை. குறுக்கே கத்தரித்த ஓரம், நூல் நூலாகப் பிரிந்து.