வெளியே வந்தாச்சு

அவள் இன்னும் குளிர் அறைக்குள்தான் இருந்தாள். ஆனால் போனில், வேலைக் குழுவில், அவள் பெயருக்கு நேரே பச்சைக் குறி விழுந்திருந்தது. வெளியே வந்தாச்சு என்று அர்த்தம்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. கம்பெனி தலையில் கட்டிய இந்தச் செயலியோடு தினமும் மல்லுக்கட்டு. உறைந்த மீன் பெட்டி அடுக்குகிறவர்கள் தடித்த கையுறையோடு எப்படித் திரையைத் தொடுவார்கள் என்று அதைச் செய்த புண்ணியவான்களுக்குத் தோன்றவே இல்லை. வேலை முடிந்ததும் ஆளாளுக்குப் பச்சை போட வேண்டும். எல்லாப் பச்சையும் விழுந்தால்தான் சூப்பர்வைசர் கதவைப் பூட்டுவார். அதனால் ஜோடி ஜோடியாகக் கடவுச்சொல்லைக் கொடுத்துவைத்து, முதலில் போகிறவளே மற்றவளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவளுடையது கண்ணாடியிடம் இருந்தது. மூக்குக்கண்ணாடி போடுவதால் அந்தப் பெயர். இவள் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் தூங்காமல் கூடவே இருந்த சிநேகிதி.

விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கு நடுவே, நனைந்த அட்டையின் வாடையும் மீன் கவிச்சியும் மூக்குக்குள்ளேயே உறைய, தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளின் நிழல்கள் தரையில் ஊர்வதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு அவள் கதவை நெருங்கியபோது, வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உள்ளிருந்து திறக்கும் பிடி உடைந்து வாரக்கணக்காகிறது. தட்டினாள். உள்ளங்கை எரியும்வரை தட்டினாள். விடியும்வரை இங்கே எந்த உயிரும் தாங்காது.

கம்பெனி வைஃபை மட்டும்தான் உள்ளே எட்டும், அழைப்பு எதுவும் போகாது. கையுறையைக் கழற்றிவிட்டு, 'நான் உள்ள இருக்கேன்' என்று அடித்தாள். செயலி பதில் சொன்னது. நீங்கள் வேறொரு போனில் இருக்கிறீர்கள். இங்கே படிக்க மட்டுமே முடியும்.

மறுபடி அடித்தாள். மறுபடி அதே பதில்.

குழுவில் அவள் பெயரில் ஒரு செய்தி வந்தது. 'பஸ் ஏறிட்டேன்.'

கண்ணாடிதான். வேறு யாரிடம் கடவுச்சொல் இருக்கிறது? உள்ளே விட்டுவிட்டுப் போனதுமில்லாமல் பொய் வேறு. அடிப்பாவி, உன்னைத்தானே நம்பினேன்.

கண்ணாடியின் குரல் பதிவு வந்து விழுந்தது. அழுத்தினாள்.

"சார், கிளம்புறப்ப உள்ள யாரோ கதவைத் தட்டினாங்க. நல்லாவே கேட்டுச்சு. நான் திறக்கத்தான் போனேன். இவதான் என் கையைப் பிடிச்சு, அதெல்லாம் யாருமில்ல, வான்னு இழுத்துட்டு வந்துட்டா. எல்லாரும் வந்தாச்சு சார். இவ என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

பின்னணியில் பஸ் இரைச்சல். ஒரு சிரிப்பு.

அவளுடைய சொந்தச் சிரிப்பு.

அடுத்து ஒரு படம். மெதுவாகத் திறந்தது. பஸ் ஜன்னல். கண்ணாடியின் முகம். அவள் தோளில் சாய்ந்து இன்னொருத்தி.

சூப்பர்வைசர் எழுதினார். 'அப்ப சரி. லைட்டை அணைச்சிடறேன்.'

இருட்டு.

கதவைத் தட்டினாள். கையில் உணர்ச்சி இல்லை. சத்தமும் வரவில்லை.

கை நழுவிக் கீழே கிடந்த போனில் மட்டும் வெளிச்சம். அந்தப் படத்தில், சாய்ந்திருந்தவளுக்கு அவளுடைய அதே முகம். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம். கண்ணாடியின் கையைக் கோர்த்துப் பிடித்தபடி, நேராக இவளையே பார்த்துச் சிரித்தது.