அடிக்காத ஹாரன்

தண்டவாளத்தோரம் கேமராவோடு நின்ற டெல்ஃபினா முஷ்டியை உயர்த்திக் கீழே இழுத்தாள், இரண்டு முறை. ஹாரன் அடி என்று அர்த்தம். தண்டவாள வேலைக்காரன் வீட்டுப் பெண் சரக்கு வண்டியைப் பார்த்துச் செய்யவே கூடாத சைகை. "அது உசுரக் காப்பாத்துறதுக்கு, உன் விளையாட்டுக்கு இல்ல" என்று அப்பா லாலோ ஐந்து வயதிலேயே அவள் கையில் அடித்துச் சொல்லியிருந்தார்.

அது அக்டோபரில். ஓட்டுநர் வெண்டெல் ஜன்னலில் சாய்ந்து சிரித்து, அவளுக்குக் கையசைத்தார். படம் அற்புதமாக விழுந்தது. வளைவுக்கு முன் அடித்தே ஆக வேண்டிய ஹாரனை அவர் மறந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு மேலாடையில் குனிந்து தண்டவாள போல்ட் இறுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கூட்டாளி நெஸ்டருக்கு, வயோமிங் காற்றில் வண்டி வந்தது கேட்கவில்லை; அடிபட்டு இறந்தார். அவளுடைய பட்டமளிப்புக்கு ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்து, கூட்டத்திலேயே சத்தமாக விசிலடித்தவர் அந்த நெஸ்டர்.

இப்போது ஜனவரி, மாலை நான்கு மணி. அடுப்பில் மிளகாய் கருகும் நெடி, கண்ணாடியில் பனித்தூள் உராயும் சத்தம், எங்கோ ரயில் யார்டில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி வரிசையாக அதிர்ந்து அடங்கும் ஓசை. அவள் சமையலறை மேசையில், தான் எடுத்த ரயில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு ஒண்ணு சைகை காட்டுச்சாம், அதப் பாத்தானாம்" என்றார் அப்பா, வாணலியைக் கிளறியபடி. "விசாரணையில புளுகியிருக்கான் வெண்டெல். நாளைக்கு அவன் வேலை காலி."

"இருந்திருக்கலாம்ல, அப்பா?"

"இந்த ஊர்ல பொறந்த எவ அப்படிச் செய்வா? காலேஜ் முடிச்சவ, நீயே சொல்லு."

அவள் சொல்லவில்லை. மூன்று மாதமாகச் சொல்லவில்லை. அடக்கத்தன்று நெஸ்டரின் மனைவி அவள் தோளில்தான் சாய்ந்து அழுதாள். அப்போதும் சொல்லவில்லை.

நவம்பர் படத்தில் தானியக் கிடங்கின் அடியில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. குப்பை என்று நினைத்திருந்தாள். டிசம்பர் படத்தில் மூன்றாவது பெட்டியின் பக்கத்தில். வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேலாடை. உயர்ந்த கை. மூடிய முஷ்டி.

இன்று மதியம் எடுத்த படத்தைத் திறந்தாள்.

நிலக்கரி வண்டி. பனி. பனியில் நீண்டு விழுந்த அவள் நிழல்.

பக்கத்தில் இன்னொரு நிழல். தோளோடு தோள்.

அவள் தனியாகத்தான் போயிருந்தாள்.

அந்த நிழலின் கை மேலே இருந்தது. அடுத்த படத்தில் கீழே. அதற்கடுத்ததில் மேலே. ஹாரன் அடி என்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும்.

அக்டோபர் படம் இருந்த மெமரி கார்டைத் தேடி எடுத்தாள். கோட்டை மாட்டினாள்.

"எங்கடி கிளம்பிட்ட? சாப்பாடு ஆறுது."

"வெண்டெல் வீட்டுக்கு. அந்தப் பொண்ணு நான்தான், அப்பா."

கரண்டிச் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கும் துணிவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள்.

தெருக்கோடித் தண்டவாளத்தில் சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. தரை நடுங்கியது. அவள் நிற்காமல் நடந்தாள். கார்டு இடது கையில்.

வலது கை தானாக உயர்ந்தது.

முஷ்டி மூடியது. இழுத்தது. நிறுத்தப் பார்த்தாள். மறுபடி உயர்ந்தது.

பனியில் இரண்டு நிழல்கள், ஒரே வேகத்தில்.

வண்டி வளைவில் திரும்பியது. ஹாரன் அடிக்கவில்லை.