நாலு நிமிடம், பன்னிரண்டு நொடி

பட்டப்பகல் மூன்று மணிக்குத்தான் அவர் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். இருபது வருடம் ஓர் இசைக்குழு ஒத்திகை பார்த்த வீடு அது. பின்பக்கம் இருந்த ஒலிப்பதிவு அறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, கதவைச் சாத்தினால் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்கும்.

அவர் குழுவின் ஒலிப்பதிவாளர். பாம்புச்செவி என்று பேர் வைத்திருந்தார்கள். அடுத்த தெருவில் கொசு பறந்தால்கூட என்ன சுருதியில் பறக்கிறது என்று சொல்லிவிடுவாராம். பேரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பேருக்கு அவர் செய்த மரியாதையைத்தான் சொல்ல வருகிறேன்.

குழுவின் தலைவரான டிரம்மர் சாவியைக் கையில் திணித்தார்.

"மொத்தம் எண்பத்து நாலு பாட்டுப்பா. ஒண்ணு டேப்புல, ஒண்ணு சிடியில, ஒண்ணு எவனோ அனுப்பின மெயில்லன்னு கண்டமேனிக்குக் கெடக்கு. வெளியிடுற கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் ஒரே ஃபார்மட்ல கேக்குறாங்க. எதையும் சுருக்காத முழு வேவ் ஃபைல். எம்பித்ரீ ஒண்ணுகூட இருக்கக் கூடாதாம். உன்கிட்டதான் ஒரிஜினல் எல்லாம் பத்திரமா இருக்கே, அப்புறம் என்ன?"

"இருக்கு, இருக்கு," என்றார் பாம்புச்செவி.

எங்கே இருந்தது? எழுபத்திரண்டு பாட்டுக்கு இருந்தது. கடைசி ஆல்பத்தின் பன்னிரண்டுக்கு இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், குழுவின் பாடகி சாகக் கிடந்த வாரத்தில், இவருக்கு ஒரு விளம்பர வேலை வந்தது. ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. கடைக்குப் போய்ப் புதிது வாங்கச் சோம்பல். பன்னிரண்டு பாட்டையும் பாட்டு முடிகிற இடத்தோடு வெட்டி, சின்ன எம்பித்ரீயாக ஆக்கிக்கொண்டு, ஒரிஜினலை அழித்துவிட்டார். எம்பித்ரீ எப்படிச் சின்னதாகிறது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? மனிதக் காது கவனிக்காது என்று தோன்றுகிற நுணுக்கமான சத்தங்களையெல்லாம் அது தூக்கி எறிந்துவிடும். எறிந்தது எறிந்ததுதான், திரும்பவே வராது.

இதை மூடி மறைக்க ஒரு திருட்டு வழி உண்டு. எம்பித்ரீயை ஊதிப் பெரிதாக்கி வேவ் ஆக மாற்றிவிடலாம். பார்வைக்கு அசல் ஒரிஜினல் மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இந்தத் தொழிலில் இதைவிட அசிங்கம் வேறில்லை. வேறு யாராவது செய்திருந்தால் அவரே காறித் துப்பியிருப்பார்.

அதைச் செய்யத்தான் அவர் வந்திருந்தார்.

எழுபத்திரண்டும் இரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் மதியம் பாடகியின் மகள் வந்து நின்றாள். அம்மா போனபோது பதின்மூன்று வயது. இப்போது அதே நெற்றி, அதே நிற்கிற தோரணை.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கடைசிப் பாட்டு பாடி முடிச்சதும் அம்மா எனக்குன்னு ஏதோ பேசி வச்சிருக்காங்களாமே. ஆஸ்பத்திரியில சொன்னாங்க. 'மாமாகிட்ட இருக்கு, பெரியவளானதும் வாங்கிக்கோ'ன்னு. இத்தனை நாள் கேக்க தைரியம் வரல."

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. பாட்டு முடிந்ததும் பாடகி, பாடும் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணா, மெஷின் ஓடட்டும். நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய போங்க," என்றாள். போனார். டீ குடித்தார். ஏழு நிமிடம் கழித்து வந்து நிறுத்தினார். என்ன பேசினாள் என்று கேட்கவே இல்லை. கேட்காமலே வெட்டி எறிந்திருந்தார்.

"தேடிப் பாக்குறேன்மா. நீ முன்ரூம்ல உக்காரு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல், தரையில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு கடைசிப் பாட்டை மாற்றினார். நாலு நிமிடம், பன்னிரண்டு நொடி. சரிபார்க்க ஹெட்ஃபோனை மாட்டினார்.

முதல் வரிக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது.

டிக்.

பாடகி தொண்டைக்கு இதமாகக் கிராம்பை அடக்கிக்கொண்டுதான் பாடுவாள். மூச்சு இழுக்கும்போது அது பல்லில் தட்டும். அதற்காக அவளை எத்தனையோ முறை கடிந்திருக்கிறார். எம்பித்ரீ முதலில் தூக்கி எறிகிற சத்தம் அந்த மாதிரிச் சத்தம்தான். அது இங்கே இருக்க வழியே இல்லை.

பின்னோக்கி நகர்த்தி மறுபடி போட்டார்.

டிக். டிக்.

திரையைப் பார்த்தார். பாட்டின் நீளம் பதினொரு நிமிடம், பன்னிரண்டு நொடி. தப்பாக மாற்றிவிட்டோம் என்று அழித்துவிட்டு மறுபடி மாற்றினார். மறுபடியும் பதினொன்று. அறைக்குள் கிராம்பு வாசனை, யாரோ பக்கத்தில் வாய் திறந்தது போல.

பாட்டு முடிகிற இடத்திலிருந்து ஓடவிட்டார். நாற்காலி முனகியது. துணி உரசியது. மூச்சு ஒன்று மெதுவாக உள்ளே போனது. அப்புறம் வலது காதுக்கு வெகு அருகில் அவள் குரல் கேட்டது.

"வெளிய போங்கன்னு சொன்னேன்ல அண்ணா?"

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே வந்து விழுந்தார்.

கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தார். திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. நின்றன. மறுபடி ஏறின. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

மகள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், ஓடி வந்திருப்பாள். ஆனால் கூப்பிட்டால் சொல்லியாக வேண்டுமே. இது ஏன் இத்தனை நாள் இல்லை, யார் அழித்தது, எதற்காக அழித்தது என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பேய் பயம்கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து உண்மை சொல்வதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசியது.

பச்சைக் கோடுகள் அணையும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

ஏழு நிமிடம்.

உள்ளே போய்ப் பார்த்தபோது பாட்டு பழையபடி நாலு நிமிடம், பன்னிரண்டு நொடி. பத்துத் தடவை மாற்றிப் பார்த்தார். அவ்வளவுதான்.

முன்அறைக்கு வந்து, "அம்மா ஒண்ணும் பேசலம்மா. மெஷின் அப்பவே நின்னு போயிருக்கு," என்றார்.

"பரவால்ல மாமா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மருந்து மயக்கத்துல சொல்லியிருப்பாங்க. நீங்க இல்லேன்னா இந்தப் பாட்டுகூட மிஞ்சியிருக்காது."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் போன பிறகு பாடகி நின்று பாடும் அறைக்கு எதிரே போய் நின்றார். மைக்கைக் கழற்றி ஆறு வருடமாகிறது, வெறும் கம்பிதான் நின்றது. "நான்தான் அழிச்சேன்மா," என்றார். "நீ பேசினதைக் கேக்கக்கூட இல்ல. இன்னைக்கும் உன் பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிரு." ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எண்பத்து நாலு பாட்டையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டினார்.

ஐந்தாம் நாள் காலை, கம்பெனியில் ஃபைல்களைச் சரிபார்க்கும் பெண் போன் செய்தாள்.

"சார், ஃபார்மட்டெல்லாம் பக்கா. நீளம்தான் இடிக்குது. ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாடியும் ஏழு நிமிஷம் கூடுதலா இருக்கு. அதுல நீங்க பேசுறீங்க."

"நானா?"

"உங்க குரல்தான் சார். 'நான்தான் அழிச்சேன்'னு சொல்லி அழுவுறீங்க. நீங்க முடிச்சதும் ஒரு லேடி, 'சரியா வரல அண்ணா, இன்னொரு டேக் போலாம்'னு சொல்றாங்க. அடுத்த பாட்டுல நீங்க மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறீங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எல்லாப் பாட்டுலயுமா?"

"எண்பத்து மூணுல அப்படித்தான். கடைசியில மட்டும் அந்தம்மா, 'இது போதும், இதைப் பிள்ளைக்கு அனுப்பிடுறேன்'னு சொல்றாங்க. யாரு சார் அந்தப் பிள்ளை?"

அவர் பதில் சொல்வதற்குள் இன்னோர் அழைப்பு குறுக்கே வந்தது. பாடகியின் மகள். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுத்தார்.

"அம்மாடி..." என்றார்.

அந்தப் பக்கம் அழுகைகூட இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு பேருடைய மூச்சு.