ஸ்தாங்காவின் சர்க்கரை

அலமாரிக்குள் அந்தக் கருவி கூவியது. பர்வுவின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. செத்தவளின் சர்க்கரை பார்க்கும் கருவி அது.

அவர் மனைவி ஸ்தாங்கா மேட்டுக் கல்லறையில் மண்ணுக்குள் கிடந்தாள். இன்று அவளுக்கு நாற்பதாம் நாள் படையல். மெழுகுவர்த்திப் புகையும், ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும், வேகவைத்த கோதுமையில் தேன் கலந்த நெடியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அந்தச் சின்ன அறையில் மூச்சை அடைத்தன. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலிலேயே மூடுபனி பிளம் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

அவள் மேல்கையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை ஒட்டிவிட்டிருந்தான் மகன் இலாரியே. அடியில் மயிர் போல ஒரு ஊசி. உடம்பில் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அது கருவியிடம் கோள் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டே கடைசிவரை அவளுக்கு ஒரு கரண்டி தேன்கூடக் கொடுக்கவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டிய பெண்கள் அதைப் பிய்க்க மறுத்தார்கள். தோல் கிழிந்த உடம்பு மறுவுலகம் போய்ச் சேராதாம். அப்படியே புதைத்தாயிற்று.

பர்வு அலமாரியைத் திறந்து கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையில் எண் எரிந்தது. எண்பத்தெட்டு.

"பழைய கணக்குப்பா. பாட்டரி போற நேரத்துல உளறும்," என்றான் இலாரியே.

"அவ உசுரோட இருந்தப்பவும் உளறத்தான் செஞ்சுது. நீதான் தெய்வவாக்குன்னு நம்புன."

பக்கத்து வீட்டு ஸம்ஃபீரா படையல் கோதுமைக் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் அள்ளினாள். "ஸ்தாங்காவுக்குப் போய்ச் சேரட்டும்." இங்கே தின்பது அங்கே செத்தவர் வாய்க்குப் போகும், ஊரில் யாரும் அதைச் சந்தேகித்ததில்லை. மென்றாள். "என்ன பர்வு அண்ணே, இம்புட்டு இனிப்பு? இருந்தப்ப நாக்குல காட்டல, இப்ப அள்ளிக் கொட்டுறீங்களாக்கும்!"

நூற்றிருபது.

அடுத்தவர் தின்றார். நூற்றெழுபது. அதற்கடுத்தவர். இருநூற்றறுபது.

 இதற்குமேல் ஏறினால் அவளுக்கு என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர் பர்வு. வாந்தி. அழுகிய ஆப்பிள் மணக்கும் மூச்சு. கண் செருகல். ஒருமுறை செத்தது போதாதா?

"போதும்! கரண்டியக் கீழ வைங்க!" கிண்ணத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணே, படையலப் பாதியில நிறுத்தினா அவ பட்டினியால்ல கெடப்பா?" என்றாள் ஸம்ஃபீரா.

எண் இறங்கியது. மளமளவென்று. எழுபது. ஐம்பது. கருவி வீறிட்டது.

இலாரியே அதை எடுத்துப் பார்த்தான். உதடு வெளுத்தது. "அப்பா... இது பழைய கணக்கில்ல. இப்ப வருது. அம்மா கையில ஒட்டினது இதே அறைக்குள்ள இருந்தாத்தான் வரும்."



முப்பத்தைந்து.

மண் வாடை. ஈர மண். மிக அருகில்.

பர்வு மூச்சை அடக்கினார். அவர் தாடைக்குக் கீழே வேறொரு மூச்சு. மெல்லும் சத்தம்.

கருவி அடங்கியது. எண் ஏறத் தொடங்கியது.

குனிந்து பார்த்தார். அணைத்திருந்த கிண்ணத்தில், கோதுமையின் நடுவில், நான்கு விரல் அள்ளிய பள்ளம். ஓரமெல்லாம் கறுப்பு மண்.

பள்ளம் ஆழமாகிக்கொண்டிருந்தது.