மலை மேல் ஆற்று மணல்

“ஏம்ப்பா, செத்தவங்க மேல எதுக்கு இத்தனை கல்லு? எழுந்து ஓடிடுவாங்களா?”

மலை மேலிருந்த பழைய கல்மேட்டைப் பற்றித் துரைசிங்கத்தின் மகள் ஒருநாள் அப்படிக் கேட்டாள். அவளுடைய பெரியப்பா ஏகாம்பரம் உரக்கச் சிரித்தான். “புதையலை யாரும் தொடக் கூடாதுன்னுதான் கண்ணு!”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அண்ணன் தம்பி இருவரும் கிணறு வெட்டுகிறவர்கள். ஊரெங்கும் போர்வெல் வண்டிகள் வந்த பிறகு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அடுத்த வாரமே கடப்பாரை, மண்வெட்டி, கயிறு, வாளியோடு ஜவ்வாது மலை ஏறினார்கள். உச்சிக்காட்டில், எந்தக் காலத்து மனிதர்களோ இறந்தவர்களுக்காக எழுப்பிய மேடு ஒன்று இருந்தது.

வழியில் பூங்காவனம் என்ற ஆடு மேய்ப்பவள் இருவருக்கும் சாமைச் சோறு போட்டாள்.

“எதுக்குண்ணா இந்தப் பக்கம்?”

“தேன் எடுக்கத்தான் தங்கச்சி,” என்றான் ஏகாம்பரம்.

“கடப்பாரையாலயா?” அவள் சிரிக்கவில்லை. “மேட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. எங்க பெரியவங்க படுத்திருக்காங்க.”

துரைசிங்கம் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான். ஆனாலும் அண்ணன் பின்னால் போனான்.

மேட்டின் மேல் குவிந்திருந்த பாறைகளைப் புரட்டித் தள்ளினார்கள். கீழே சரளை கலந்த செம்மண். அதற்கும் கீழே, இறுக மிதித்த கருங்களி. கடப்பாரை இறங்க மறுத்தது! ஒருவழியாகத் துளைத்ததும் பொலபொலவென்று வெள்ளை மணல்.

“அண்ணா, இது ஆத்து மணல். மலை உச்சிக்கு எப்படி வந்தது?”

“மணல் வந்தா அடி வந்தாச்சுடா. வெட்டு! கிணத்துலயே பொழப்பு நடத்தினவனுக்கு இன்னா பயம்?”

அங்கேதான் தவறினார்கள். கிணறு வெட்டுவது போலவே நேர்க்குத்தாக இறங்கினார்கள். பூமி தானே இறுக்கி வைத்த மண்ணில் சுவர் நிற்கும். இதுவோ மனிதர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பரப்பியது. மணல் சரிந்தால் அதன் மேல் எதுவும் நிற்காது.

மணலுக்கு அடியில் பலகைக்கல். அதன் விளிம்பில் ஒரு சந்து. துரைசிங்கம் கையை விட்டு, வாய் மூடிய பானை ஒன்றை எடுத்து வாளியில் வைத்தான். மேலே ஏறி நின்ற அண்ணன் கயிற்றோடு அதை இழுத்துக்கொண்டான்.

“கயித்தைப் போடுண்ணா! மணல் ஓடுது!”

கயிறு வரவில்லை. மணல் முழங்காலை மூடியது, இடுப்பை மூடியது, மார்புக்கு வந்தது. மேலே களிமண் விரிசல் விட்டது. “அண்ணா! அண்ணா!” பதிலுக்கு, ஓடும் காலடிச் சத்தம்தான் கேட்டது.

அந்தக் கூக்குரலுக்கு ஓடி வந்தவள் பூங்காவனம். குழிக்குள் குதித்து வெறுங்கையால் மணலை வாரினாள். “பயப்படாதீங்கண்ணா! கையைக் குடுங்க!” அவன் விடுபட்ட அதே நொடியில் பாறை ஒன்று உருண்டு அவள் வலது கையை நசுக்கியது.

துரைசிங்கம் பாறையைப் புரட்டிவிட்டு, சரிந்த மண் மேல் ஏறி, அவளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினான். பாதையில் பானை உடைந்து கிடந்தது. உள்ளே இருந்தது கருகிப்போன தானியம். இதற்காகத்தான் ஓர் அண்ணன் தன் தம்பியை விட்டு ஓடியிருந்தான்!

அவள் விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவளுடைய ஊரார் கேட்டபோது, “கல்லு உருண்டுடுச்சி” என்று மட்டும் சொன்னாள். துரைசிங்கத்திடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: “மேடு தெறந்து கெடக்கு, மழை வந்தா உள்ள தண்ணி எறங்கிடும்ணா.”

ஏகாம்பரமோ, கயிறு அறுந்துவிட்டது என்று தங்கள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தான். தம்பி மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அவனோடு பேசவும் இல்லை.

திருவிழாவுக்கு மலை ஜனம் முழுவதும் அடிவாரம் இறங்கியபோது, துரைசிங்கம் தனியாக ஏறினான். பொறுக்கி வைத்திருந்த பானை ஓடுகளையும் தானியத்தையும் சந்துக்குள் வைத்தான். மணலுக்கு ஆற்றுக்கு இறங்கினான். களிமண்ணுக்கு எதிர்ப்பக்கத்துக் குட்டைக்குப் போனான். களியை நனைத்து, மிதித்து, அதன் மேல் செம்மண் பரப்பினான். காலடியில் கிடந்த மண்ணையே அள்ளிப் போட்டிருந்தால் ஒரே பகலில் முடிந்திருக்கும். இறந்தவர்கள் மேல் அன்பு வைத்து இதை எழுப்பியவர்கள் சுலபமானதைத் தேடவில்லை என்பது அவனுக்குத் தோளும் கழுத்தும் நொந்த பிறகுதான் விளங்கியது. அந்த நோவைக் கடவுள் தந்த கருணையாகவே எண்ணிக்கொண்டான்.

திருவிழா முடிந்து, பம்பை மேளச் சத்தம் மலையேறி வரத் தொடங்கியது. கடைசிக் கல்லை வைத்துக் கும்பிட்டான். அவர்கள் வரும் பாதையை விட்டு, மறுபக்கச் சரிவில் இறங்கினான்.